குண்டுச்சட்டி வாக்கரும் குற்றாலத்து நடைவண்டியும்

வாக்கர் வாங்கலாமா என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கரம் வைத்த வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். மர நடைவண்டி வாங்கலாம், ஆனால் குழந்தை தானாகப் பிடித்து நிற்க ஆரம்பித்த பிறகு, அதுவும் வண்டியில் சில கைவேலைகள் பார்த்த பிறகு. இரண்டையும் காசு கொடுத்து வாங்கி ஒரே குழந்தையிடம் விட்டுப் பார்த்தவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் வட்ட வாக்கர். கம்பெனி பெயர் போடவில்லை, போட்டும் பயனில்லை, ஏனென்றால் ஆன்லைனில் கிடைக்கிற இருபது வாக்கரும் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கின்றன. 1,899 ரூபாய். அடியில் எட்டுச் சக்கரம், உயரத்தை மூன்று படியாகக் கூட்டிக் குறைக்கலாம், முன்னால் ஒரு தட்டு, தட்டில் அமுக்கினால் பாட்டுப் பாடும் பொத்தான்கள். அந்தப் பாட்டைப் பற்றித் தனியாகவே ஒரு விமர்சனம் எழுதலாம். என்ன மொழி என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பேட்டரி தீரப்போகிற சமயத்தில் அது இழுத்து இழுத்துப் பாடுவதைக் கேட்டால் பெரியவர்களுக்கே அழுகை வரும். அட்டைப்பெட்டியில் "6 மாதம் முதல்" என்றும் "சீக்கிரம் நடக்க உதவும்" என்றும் போட்டிருந்தது.

பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றால் நீந்திக்கொண்டிருந்தாள், முட்டி போட்டுத் தவழ ஆரம்பிக்கவில்லை. எதிர்வீட்டில் இவளைவிட ஒரு வாரம் இளையவன் நாலு காலில் ஓடிக்கொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் பதற்றம். போனில் போட்டுவைத்திருந்த ஆப் வேறு வாரம் தவறாமல் "உங்கள் குழந்தை இதைச் செய்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது போதாதென்று நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள், காலை பத்தரை மணி மீட்டிங்கில் கேமராவைப் போட்டே ஆக வேண்டும். உண்மையைச் சொன்னால் வாக்கரை வாங்கியது அந்தப் பத்தரை மணிக்காகத்தான், அவள் நடப்பதற்காக என்பதெல்லாம் பெட்டியில் போட்டிருந்ததை நானும் திருப்பிச் சொன்னது.

அந்த வேலையை அது நன்றாகவே செய்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உட்கார வைத்த இரண்டாம் நாளே ஹால் முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். நான் சூடாகக் காபி குடித்தேன். ஏழு மாதக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு வாரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "ஏட்டி, குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுதா உம் மவ. அவ காலப் பாத்தியா?" என்றாள்.

பார்த்தேன். அதுவரை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். காலின் முன்பக்கம் மட்டும் தரையில் பட்டது, குதிகால் படவே இல்லை. நடப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது நடையே கிடையாது, கட்டைவிரலை ஊன்றி ஒரு உந்து, வண்டி ஆறடி போகும், அடுத்த உந்து. இரண்டு கட்டைவிரல் நுனியும் டைல்ஸில் தேய்ந்து சிவந்திருந்தன. உயரத்தைக் குறைத்துப் பார்த்தேன், முட்டி மடங்கி, உட்கார்ந்தபடியே தள்ளினாள். கூட்டினால் மறுபடியும் நுனிக்கால். நடுவில் சரியான உயரம் என்று ஒன்று இல்லவே இல்லை. இடுப்பை அந்தத் துணி இருக்கை தாங்கிக்கொள்கிறது, அதனால் உடம்பு எடையைக் கால் சுமப்பதில்லை. முன்னால் தட்டு இருப்பதால் தன் கால் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிவதும் இல்லை. நடக்கக் கற்றுக்கொள்வதற்கு என்னென்ன வேண்டுமோ, எடையைத் தாங்குவது, ஆடும்போது இடுப்பை நிதானிப்பது, விழப்போகும்போது உட்கார்ந்துவிடுவது, எல்லாவற்றையும் அந்த வண்டியே செய்துவிடுகிறது. குழந்தைக்கு மிச்சம் இருப்பது ஓட்டுநர் வேலை.

ஆன்லைன் விமர்சனங்களில் "என் பையன் 7 மாதத்திலேயே நடக்கிறான், 5 ஸ்டார்" என்று எழுதுகிறார்களே, அது எட்டுச் சக்கரம் நடக்கிறது.

ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம், அன்றைக்கே வைட்டமின் ஏ சொட்டும் கொடுத்தார்கள். அங்கே இருந்த செவிலியர் அட்டையைப் புரட்டிக்கொண்டே ஆப் கேட்கிற கேள்விகளையெல்லாம் இரண்டே நிமிடத்தில் கேட்டு முடித்தார். "தானா எந்திரிச்சு உக்கார்றாளா? ஒரு கையில இருக்கிறத மறு கைக்கு மாத்துறாளா? நீங்க ரூமை விட்டுப் போனா அழுறாளா? தரையில கெடக்கிற முடிய ரெண்டு விரலால எடுக்கிறாளா?" கடைசிக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தரையில் கிடக்கும் முடியைக் கண்டுபிடிப்பதற்கு அவளைவிட்டால் ஆள் இல்லை. முட்டி போட்டுத் தவழவில்லையே என்றேன். "நீந்துறால்ல? எப்படியோ நகர்றாளா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கை கால் அசைக்கிறாளா, அது போதும்" என்றார். அப்புறம் வாக்கர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு என்றதும் அவர் முகம் போன விதத்தை வைத்தே நான் அன்றைக்கு அதைத் தூக்கிப் பரணில் போட்டிருக்க வேண்டும்.

போடவில்லை. பத்து நாள் கழித்து அது நடந்தது.

எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து துணி துவைக்கிற இடத்துக்கு இறங்க ஒரே ஒரு படி, நாலு அங்குலம் இருக்கும். கதவை எப்போதும் சாத்தித்தான் வைப்போம். அன்றைக்கு மெஷினில் துணி போட்டுவிட்டு வந்த நான் சாத்தவில்லை. ஹெட்போன் மாட்டி மீட்டிங்கில் இருந்தேன், அம்மா மொட்டைமாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா ஹாலில் என் கண் முன்னால்தான் இருந்தாள். திரையில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள், நான் ஒரு வரி பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஹாலில் இல்லை. டமார் என்று சத்தம். முன்சக்கரம் இரண்டும் படியைத் தாண்டிவிட, வாக்கர் குப்புறக் கவிழ்ந்து, நெற்றி வாஷிங் மெஷின் விளிம்பில் இடித்திருக்கிறது. படியில் நிறுத்தும் என்று சொல்லி அடியில் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தால் அந்த ரப்பர் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, உடனே வீறிட்டு அழுதாள், அது நல்லது என்று டாக்டர் சொன்னார். வீக்கத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி "வாக்கரா?" என்பதுதான். தவழ்கிற குழந்தை படி விளிம்புக்கு வந்தால் கையால் தடவிப் பார்க்கும், பின்வாங்கும், விழுந்தாலும் அதன் உயரத்துக்குத்தான் விழும். வாக்கரில் இருக்கும் குழந்தைக்கு அந்தத் தடவிப்பார்க்கிற வேலையே கிடையாது, ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் போய்விடும் என்றார். நான் ஒரு வரி பேசி முடித்த நேரத்தை அதோடு பெருக்கிப் பார்த்தேன், ஹால் முடிந்து அடுப்படி வந்துவிட்டது. கனடாவில் 2004 ஏப்ரலிலேயே இந்த வாக்கரை விற்கவும் இறக்குமதி செய்யவும் விளம்பரம் செய்யவும் தடை போட்டுவிட்டார்களாம், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் தடை கேட்டு ரொம்ப வருஷமாகச் சொல்லிவருகிறது. வீட்டுக்கு வந்து நானும் தேடிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. பக்கத்திலேயே "இன்று மட்டும் 40% தள்ளுபடி" என்று வாக்கர் விளம்பரமும் வந்தது.

வட்ட வாக்கருக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் நான் குடித்த காபிக்கு.

இதற்கு நடுவில், தேடத் தேடத்தான் இன்னொன்றும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது, அதில் நம் டெல்லிக் குழந்தைகளும் உண்டு. பிடிமானமில்லாமல் உட்காருவது கிட்டத்தட்ட 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள், முட்டி போட்டுத் தவழ்வது 5 முதல் 13½ மாதத்துக்குள், தனியாக நடப்பது 8 முதல் 17½ மாதத்துக்குள். எவ்வளவு அகலமான வாசல் பாருங்கள். ஒரு குழந்தை எட்டு மாதத்தில் நடக்கும், இன்னொன்று ஒன்றேகால் வயதில்தான் முதல் அடி வைக்கும், இரண்டுமே கணக்குக்குள். நூற்றுக்கு நாலு குழந்தை முட்டி போட்டுத் தவழாமலே எழுந்து நடந்துவிடுகிறது. என் பதற்றத்துக்குக் காரணமான தவழ்வதையே அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று 2022இல் திருத்திய பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதைப் படித்ததும் ஆப்பை நீக்கினேன். ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை, ஒரு பக்கக் கை காலை மட்டுமே பயன்படுத்துகிறது, முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, இந்த மாதிரி இருந்தால் மட்டும் எதிர்வீட்டைக் கேட்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

சரி, நடைவண்டிக்கு வருகிறேன்.

ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தோம். அம்பாசமுத்திரம் பக்கம் கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிச் செய்கிற மரச்சொப்பு சாமான்களுக்குப் பெயர் போன ஊர் எங்களுடையது. ஆனாலும் சாரல் சமயத்தில் குற்றாலம் போகாமல் வந்தால் வீட்டில் சண்டை வரும், அதனால் அங்கேயே பேரருவிக்குப் போகிற வழியில் வரிசையாக இருக்கிற கடைகளில் ஒன்றில் பார்த்தோம். பாப்பாவுக்குப் பத்தரை மாதம். அதற்குள் முட்டி போட்டுத் தவழ்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து, பிடித்தபடியே பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்க ஆரம்பித்திருந்தாள். வாக்கரை நிறுத்திய மூன்று வாரத்துக்குள் இவ்வளவும் நடந்தது. வாக்கர்தான் தடுத்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன், வயதும் ஆகிவிட்டது இல்லையா, ஆனால் தரையில் விட்டதும் தரையைக் கற்றுக்கொண்டாள்.

கடைக்காரர் 900 சொன்னார். என்ன மரம் என்றேன். தேக்கு என்றார். தூக்கிப் பார்த்த அம்மா, "தேக்கு இம்புட்டு லேசா இருக்குமாய்யா?" என்று கேட்டதும் 650க்கு இறங்கினார். பளபளவென்று பெயின்ட் அடித்தவை நிறைய இருந்தன, அதில் நகத்தால் சுரண்டினால் சிலது உரிந்து வந்தது. குழந்தை நின்றால் வாய் கைப்பிடிக் கட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், நக்காமல் விடாது, அதனால் சாயம் பூசாத வெறும் மரத்தில், பிடிக்கும் இடத்தில் மட்டும் அரக்கு ஏற்றியதாகப் பார்த்து எடுத்தோம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று, முக்கோணமாகச் சட்டம், நெஞ்சு உயரத்தில் ஒரு உருட்டுக் கட்டை, அவ்வளவுதான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டுகிற முக்கால் சிறுதேர் (மூன்று சக்கரத் தேர்) ஒன்று வருகிறதே, அதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு எங்கள் ஆச்சி வீட்டு நடைவண்டிதான் மனதில் வந்தது. மூன்று சக்கரத்தில் நாம் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை.

ஆனால் கடையிலிருந்து அப்படியே கொண்டுவந்து குழந்தை கையில் கொடுத்துவிடக் கூடாது. இது முக்கியம், ஏனென்றால் நடைவண்டி நல்லது, பாரம்பரியம், அந்தக் காலத்துப் பாட்டி ஞானம் என்று எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. எங்கள் வண்டியில் ஒரு ஆணி முனை அடிப்பக்கம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தில் சிலாம்பு. கையால் தடவினால் தெரியாது, பழைய பருத்தித் துணியால் தடவுங்கள், நூல் மாட்டும் இடமெல்லாம் சிலாம்பு. உப்புத்தாள் வாங்கி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்தேன். ஆணியை அப்பா தட்டி மடக்கிக் கொடுத்தார்.

அடுத்தது எடை. லேசான மரம் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் வினை. குழந்தை கட்டையைப் பிடித்து எழும்பும்போது தன் பக்கம் இழுக்கும். வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே அவள் மேல் சாய்ந்தது, முதல் நாளே. அம்மா இதற்கு வைத்தியம் வைத்திருந்தாள்: முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கிலோ புளியைத் துணிப்பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டாள். அதற்கப்புறம் சாயவே இல்லை. சென்னைக்குத் திரும்பியதும் அடுத்த பிரச்சினை, டைல்ஸ். ஊரில் சிமெண்ட் தரையிலும் முற்றத்திலும் கடகடவென்று நிதானமாகப் போன வண்டி, இங்கே பனிக்கட்டியில் போவது போல வழுக்கிக்கொண்டு போக, பின்னால் பிடித்திருந்தவள் பல்லி மாதிரி தரையில் நீண்டுகிடந்தாள். சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, சக்கரத்தின் மேல் இழுத்து மாட்டினேன். காசு வாங்கவில்லை. இப்போது வண்டி அவள் தள்ளினால் மட்டும் போகும், தானாக ஓடாது. கீழ்வீட்டுக்காரர்களும் சத்தம் குறைந்தது என்று நன்றி சொன்னார்கள்.

இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு அவள் அதைத் தள்ளியதைப் பார்க்க வேண்டும். முழுப் பாதமும் தரையில், விரல்கள் விரிந்து தரையைக் கவ்விக்கொண்டு. ஒரு அடி, நிற்பாள், காலைக் குனிந்து பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், அடுத்த அடி. அலுத்துப்போனால் கையை விட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள். வட்ட வாக்கரில் அலுத்துப்போனால் என்ன செய்ய முடியும்? யாராவது தூக்கிவிடும்வரை அதற்குள்ளேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நடைவண்டி சுவரில் முட்டி நின்றால் திருப்பத் தெரியாமல் ஒரு வாரம் அழுதாள். ஓடிப்போய்த் திருப்பிவிடாதே என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டாம் நாள் வண்டியை விட்டு, சுவரைப் பிடித்து, மறுபக்கம் சுற்றிப்போய், அங்கிருந்து இழுத்தாள். தவறான பக்கம்தான், ஆனாலும் வண்டி சுவரைவிட்டு வந்துவிட்டது. நான் மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்து கத்திவிட்டேன்.

பதின்மூன்று மாதமும் சில நாட்களும் இருக்கும்போது வண்டி இல்லாமல் நாலு அடி வைத்தாள். நடைவண்டியால்தான் நடந்தாள் என்று விற்பனைக்காரர் மாதிரி நான் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டுப் பையன் வண்டி எதுவும் இல்லாமலே ஒரு வாரம் பின்னால் நடந்துவிட்டான். இது விளையாட்டுச் சாமான், காலைக் கெடுக்காத விளையாட்டுச் சாமான், 650 ரூபாய்க்கு அது போதும். பக்கத்தில் ஆள் இல்லாமல் இதையும் விடக் கூடாது, படி இருக்கும் பக்கம் கதவு சாத்தியிருக்க வேண்டும். ஐந்துக்கு நாலு. ஒன்று ஆணிக்காகக் குறைத்தேன்.

அப்படியென்றால் அந்தப் பத்தரை மணிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எல்லார் வீட்டிலும் அம்மா வந்து இருப்பதில்லை. பழைய தொட்டில் கட்டிலின் கம்பித் தடுப்பைக் கழற்றி, என் மேசையின் ஓரத்தில் ஆறடிக்கு ஆறடி அடைத்து, கீழே கோரைப்பாயும் ஒரு மெத்தையும் போட்டேன். உள்ளே எவர்சில்வர் டம்ளர்கள், மூடியோடு ஒரு தூக்குவாளி, பெரிய மரக்கரண்டி ஒன்று. மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருபத்தைந்து நிமிடம் போகும், சில நாள் பத்து நிமிடம்கூடப் போகாது. சத்தம் இருக்கும், ஆபீஸில் பழகிவிட்டார்கள். காலில் கொலுசு போட்டு வைத்தது இன்னொரு நல்ல காரியம். திருகாணி இறுக்கமாக இருக்கிறதா, முத்து எதுவும் கழன்றுவருமா என்று தினமும் பார்த்துக்கொள்ளுங்கள். கொலுசு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் வேலையைப் பார்க்கலாம். திடீரென்று நின்றால் எதுவோ வாய்க்குள் போகிறது, எழுந்து ஓட வேண்டும். தூளியை இந்த வயதில் நம்பாதீர்கள், எழுந்து உட்காரத் தெரிந்த குழந்தை அதிலிருந்து தலைகீழாக வரும்.

வாக்கர் இப்போது பரணில்தான் இருக்கிறது. மூன்றாவது மாடியில் இருக்கும் அக்கா தன் பேரனுக்கு அதைக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை, விழுந்த கதையைச் சொன்னேன், கனடா வரைக்கும் சொன்னேன். "உங்க புள்ள விழுந்தா எல்லாப் புள்ளையும் விழுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கஞ்சம் என்று நினைத்திருப்பார். நடைவண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், டியூப், புளி மூட்டை எல்லாவற்றோடும். இரண்டு நாள் கழித்துப் புளி மட்டும் திரும்பி வந்தது, "இதை வண்டியிலேயே மறந்து விட்டுட்டீங்க" என்று.